ஒரே ஒரு க

சனாதன் சாமலிடம் நான்கு க இருந்தன.
என்னிடம் ஒன்று.
அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான்
அவனுடைய ஐந்து ஒடியா நாடகங்களுக்கும்
திரைமறைவில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தேன்.

ரங்கூன், பசுண்டாங் அரிசி ஆலை.
அவன் எடைக் கணக்கன்.
நான் மூட்டைக்கு முத்திரை குத்துகிறவன்.
கோபால்பூரில் கப்பலேறும்போது வயது பதினேழு என்பான்,
சில நாள் பத்தொன்பது.
நாடகக்காரன் சொல்கிற வயது.

முதல் நாடகத்தில் எல்லாமே இருந்தன:
கிரீடம், கதாயுதம்,
மூங்கில் கட்டி மேலே தொங்கவிட்ட சொர்க்கம்.
கஞ்சம் ஜில்லாத் துறைமுகக் கூலிகள்
விடியும்வரை விசிலடித்தார்கள்.
மறுநாள் தராசடியில்
பேதி மருந்து குடித்தவன் முகத்தோடு
உடைந்த இந்துஸ்தானியில் கேட்டான்:
"அந்த ராஜா என்ன எடை இருப்பான், முத்திரை?"
(என் பெயர் பிச்சைக்கண்ணு.
அவனுக்கு நான் கடைசிவரை முத்திரை.)

இரண்டாவதில் ராஜா இல்லை.
ஆலைத் தராசைக் கைவண்டியில் ஏற்றிவந்து
வெறும் மேடையில் நிறுத்தினான்.
தட்டில் ஒருவன் ஏறி ஒரு பொய் சொல்வான்,
எதிர்த்தட்டில் ஒரு கல்லை எடுப்பார்கள்.
அடுத்த பொய், அடுத்த கல்.
இடைவேளைக்குள் பாதி ஜனம் போய்விட்டது.
மீதியில் ஒருவர் மேடையேறி
"நாலணா கொடுத்திருக்கிறேன், ராஜா எங்கே?" என்றார்.
அவரையும் தட்டில் நிறுத்தினான்.
நூற்றுப் பதினெட்டு ராத்தல்.
அடுத்த ஞாயிறு அவர் மனைவியோடு வந்தார்.

ஒடியா வாசிக்கத் தெரிந்தவர்களெல்லாம்
நடிக்கப் போய்விட்டதால்தான்
வசனம் என்னிடம் வந்தது.
அவன் சொல்லச் சொல்ல, பழைய பேரேட்டின் பின்பக்கத்தில்
காதில் விழுந்ததைத் தமிழில் எழுதினேன்.
அர்த்தம் பிறகு வந்தது, வராமலும் இருந்தது.

ஊரில் ஒடியா அச்செழுத்துக் கிடையாது.
சுவரொட்டி பர்மிய எழுத்தில்.
"இரண்டும் வட்டம்தானே,
தூரத்திலிருந்து பார்த்தால் எங்கள் ஊர்" என்பான்.
படித்த கனவான் ஒருவர்
'இது நாடகமே அல்ல' என்று கடிதம் போட்டார்.
மூன்றாவது நாடகத்துக்கு அதையே பெயராக வைத்தான்.
நான்காவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
அதில் நாற்பது நிமிடம் யாரும் பேசவில்லை.
எனக்கு வேலையே இல்லை, கொசு அடித்தேன்.

அறுபத்து நான்கு.
ஆலை சர்க்கார் கைக்குப் போயிற்று.
நூறு ஜாட் நோட்டு ஒரே பகலில் காகிதம்.
பூட்டிய கிடங்கில் ஐந்தாவது நாடகம்,
ஒரே ஒரு தடவை, பதினோரு பேர் முன்னால்.
மறுவாரம் துறைமுகத்தில்
வளையலை எண்ணிப் பிடுங்கிய அதிகாரி
நோட்டுகளையும் புரட்டிப் பார்த்தார்.
வட்டம் வட்டமாக இருந்தும்
படிக்க முடியாதது அவரை உறுத்தியிருக்க வேண்டும்.
ஐந்தையும் வாங்கி வைத்துக்கொண்டார்.

கப்பல் போனது. நான் இருந்துவிட்டேன்.

போன மாதம் பெர்ஹாம்பூரிலிருந்து அவன் மகள் எழுதியிருந்தாள்.
அப்பா அங்கே வந்து ஒரு வரி எழுதவில்லையாம்.
ரேஷன் கடையில் எடை போட்டாராம்.
போன மழைக்காலத்தில் இறந்தாராம்.
உங்களிடம் ஏதாவது இருக்குமா?

இருக்கிறது.
கரையான் தின்றது போக
நான்கரை நாடகம்.
ஆனால் ஐந்தாவதின் கடைசி வரி, மகளே,
பெட்டியோடு தட்டில் ஏறியவனிடம்
எங்கே என்று கேட்கிறார்கள்.
அவன் ஒரே சொல் சொல்கிறான், விளக்கு அணைகிறது.
என் நோட்டில் இருப்பது:
கொரொ.
உங்கள் ஒரு க-வில் அது வீடு.
இன்னொரு க-வில் அது செய்.
மூச்சை அடக்கிச் சொன்னானா, விட்டுச் சொன்னானா,
அன்றைக்குப் பெட்ரோமாக்ஸ் சீறிக்கொண்டிருந்தது.

திருத்தாமல் அப்படியே கட்டினேன்.
தபாலாபீசில் எடை பார்த்துக் காசு சொன்னார்கள்.
ஒரு பையன் முத்திரை குத்தினான்,
கோணலாக.
தள்ளு என்று சொல்ல வாயெடுத்தேன்.